மியூசியத்துக்கே செகண்ட்ஸ் போட்ட பூவாத்தா

திருப்பூர்ல பனியனுக்கு செகண்ட்ஸ் போட்டவங்க ஆயிரம் பேரு இருக்காங்க. ஒரு மியூசியத்துக்கே செகண்ட்ஸ் போட்டவங்க ஒரே ஒருத்தருதான். பேரு பூவாத்தா. அவங்களுக்குன்னு ஒரு செலை கெடையாது. கம்பெனி போட்டோவுலகூட மூஞ்சி பாதிதான் தெரியுது, மீதிய மொதலாளியோட தொப்பை மறைச்சுக்கிச்சு. அந்தத் தொப்பைக்கு மாலை வேற போட்டிருக்காங்க! அந்தக் கடுப்புலதான் இத எழுதறேன். படபடன்னு எழுதறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

இது நடந்தது 1972ல. பூவாத்தாவுக்கு அப்பப் பதினஞ்சு வயசு. கதையில சின்னப் புள்ளையா வர்றதால 'அவ'ன்னே சொல்றேன், அக்கா கோவிச்சுக்க வேண்டாம்.

ஒரு பனியன் கம்பெனியில அவ செக்கிங். தச்சு வர்ற பனியனுக்குள்ள ஒரு கைய உட்டு, விரல விரிச்சு, சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாக்கோணும். ஓட்டை, தையல் உட்டது, எண்ணெய்க் கறை, எது இருந்தாலும் அந்த எடத்துல சிவப்பு நூல்ல ஒரு முடிச்சு. முடிச்சு உழுந்தா அந்த பீசு செகண்ட்ஸ், அதாவது ரெண்டாந்தரம். காதர்பேட்டையில தரையில குமிச்சு விக்கற கூட்டத்தோட போயிரும். ஆனா நல்ல பீசுல பொய்யா முடிச்சுப் போட்டுட்டீங்கன்னா அன்னிக்குப் பூரா நின்னுக்கிட்டேதான் வேலை செய்யோணும். அதுதான் அங்க சட்டம்.

பூவாத்தா ஒரு நாளும் நின்னதில்ல. அவ கண்ணு அப்புடி. கஷ்டம் என்னன்னா அந்தக் கண்ணு கம்பெனிய உட்டு வெளிய வந்தாலும் மூடறதில்ல. தேரு போனா சக்கரம் கோணல்னுவா. கல்யாண ஊட்டுக்குப் போனா மாப்பள காது ஒண்ணு எறக்கம்னுவா. எகத்தாளம்னா எகத்தாளம்! மத்தவங்களுக்குக் கோவம் வந்தா 'டா', 'டி' வரும். இவளுக்குக் கோவம் ஏற ஏற 'ங்க' வரும். ஒரு பேச்சுல மூணு 'ங்க' வந்துச்சுன்னா எதுத்தாப்புல நிக்கறவன் ஓடிரோணும்.

அவளுக்கு ஒரு தம்பி, திருமூர்த்தி. பன்னெண்டு வயசு. அதே கம்பெனியில பழனிமுத்துன்னு ஒரு டைலருக்குக் கைமடிக்கறவன். அதாவது தைக்கற துணிய எடுத்துக் குடுக்கறது, தச்சத மடிச்சு அடுக்கறது. அவனுக்கு வலது புருவத்துல ஒரு தழும்பு. மூணு வயசுல அட்டாளி மேல, அதாவது பரண் மேல, ஏறி உழுந்துட்டான்னு ஊருக்கே தெரியும். அதுல இருந்து அவன் பேரே 'ஏறி உழுந்தவன்'தான். மரத்துல ஏற உடமாட்டாங்க, ஸ்டூல் மேல நிக்க உடமாட்டாங்க. கணக்குல தப்புப் பண்ணினாக்கூட, "உழுந்த மண்டை, அவ்வளவுதான்"னு உட்ருவாங்க.

அன்னிக்கு காலைல அவன் ஒரு கட்டுப் பனியனைக் கீழ போட்டுட்டான். எண்ணெய்த் தரை. முப்பது பீசு கறை.

பூவாத்தா எந்திரிச்சு வந்தா. "ஏனுங்க தம்பி, கையி ரெண்டும் வேலைக்குங்களா, இல்ல சும்மா தொங்கறதுக்குங்களா?"

மூணு 'ங்க'. பழனிமுத்து மிசினை நிறுத்திட்டாரு. "உடு அம்மிணி, பையன் பச்ச மண்ணு."

"மண்ணா இருந்தா செடியாச்சும் மொளைக்குமுங்ண்ணா. இது ஏறி உழுந்த மண்டைங்ண்ணா. இதுல என்ன மொளைக்கும்?"

கம்பெனியே சிரிச்சுச்சு. திருமூர்த்தியும் கூடவே சிரிச்சான். எனக்கு அதை நெனைச்சாத்தான் தாங்க முடியல. அவனும் சிரிச்சானுங்க!

இப்ப ஆத்தப்பனப் பத்திச் சொல்லோணும். சொல்ல நாக்கு கூசுது, ஆனாலும் சொல்லோணும். பஞ்சு அரைக்கற பேக்டரி வெச்சிருந்து ஏறக்கட்டிட்டு, அந்தப் பஞ்சு குடோன்ல 'அதிசய மியூசியம்'னு போர்டு மாட்டின ஆளு. சில்க் சட்டை, கழுத்து வரைக்கும் பவுடரு. பத்து விரல்ல எட்டு விரல்ல மோதிரம். மீதி ரெண்டு விரல் பல்லு குத்தறதுக்கு. தெனமும் ஒரு ஜட்கா வண்டியில மைக்கக் கட்டிக்கிட்டுக் கத்துவாரு. "கொறையில்லாத அதிசயம்! ஒலகத்துல இல்லாத அதிசயம்! கரண்டு போனா உசுரு வரும், ஓடி வாங்க!"

கடைசியா சொன்னது மட்டும் பொய்யில்ல. அந்த வருஷம் தெனமும் மத்தியானம் பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் கரண்டு கட்டு. ஊர்ல இருக்கற மிசினெல்லாம் ஒட்டுக்கா நின்னுரும். காதுக்குள்ள என்னமோ அத்துப்போன மாதிரி ஒரு அமைதி. அந்த ரெண்டு மணி நேரந்தான் குடோனுக்குள்ள இருக்கறது மூச்சு உடும்.

அன்னிக்கு கரண்டு போச்சு. எல்லாரும் சோத்துக்கு உக்காந்தாங்க. திருமூர்த்தியக் காணோம்.

"ஆத்தப்பன் மியூசியத்துக்குப் போனானாட்ட இருக்குது" பழனிமுத்து சொன்னாரு. "காலைல வண்டிய நிறுத்தி என்னமோ பேசிக்கிட்டு இருந்தாரு. 'உன்னையாட்ட ஒரு தம்பி ஒலகத்துலயே இல்ல கண்ணு, மேடை மேல நின்னீன்னா ஊரே வரிசை கட்டிப் பாக்கும்'னு."

"இவனையா? வரிசை கட்டியா? பாக்கறவனுக்குக் கண்ணுல பூ உழுந்திருக்கோணும்."

சொல்லிட்டு சிரிச்சா. அப்பறந்தான் பாத்தா, அவன் தூக்குப்போசி மூடி தொறக்காம ஆணியில தொங்குது. சோறு திங்காம அந்தப் பையன் ஒரு எட்டு எடுத்து வெச்சதில்ல. காதப் புடிச்சு இழுத்துட்டு வரலாம்னு கெளம்பிட்டா. இடுப்புல சிவப்பு நூல் உருண்டை அப்புடியே சொருகி இருந்துச்சு.

குடோன் வாசல்ல எழுதியிருந்துச்சு: 'குறை இல்லாததற்கு மட்டுமே இங்கு இடம்.' அதப் படிச்சுட்டு, "எழுத்தே கோணலுங்க"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள போனா.

உள்ள வரிசையா மேடை. ஒவ்வொரு மேடையிலயும் ஒண்ணு நிக்குது. மொத மேடையில ஒரு சேவல். சீட்டுல 'தோல்வியே அறியாத சேவூர்ச் சேவல்'னு போட்டிருக்குது. கட்டையில செதுக்கின மாதிரி அசையாம நிக்குது, ஆனா நெஞ்சு மேல கீழ போகுது. கண்ணு உருண்டு இவளப் பாக்குது.

யாரா இருந்தாலும் அலறியிருப்பாங்க. இவ செக்கிங் பண்ணிட்டா! இறக்கைக்குள்ள கைய உட்டு, விரல விரிச்சு, வெளிச்சத்துக்குத் திருப்பி. "வால்ல மூணாவது எறகு கோழியோடதுங்க. பசை போட்டு ஒட்டியிருக்குது." பழக்க தோசத்துல கால்ல ஒரு சிவப்பு முடிச்சப் போட்டுட்டா.

சேவல் ஒரு குலுக்கு குலுக்குச்சு. மேடையில இருந்து குதிச்சுச்சு. ஒட்டின எறகு அங்கயே கெடக்க, வாசல் வழியா சேவூர் ரோட்டப் பாத்து ஒரே ஓட்டம்.

"அடிப்பாவி!" உள்ள இருந்து ஆத்தப்பன் ஓடியாந்தாரு. கையில கடலைப் பொட்டலம். "கொறை சொல்லாத அம்மிணி! கொறை இருக்கறது இங்க நிக்காது!"

பாருங்க இந்தாளோட மூளைய! சட்டத்த அவரே எடுத்துக் குடுத்துட்டாரு.

"அப்புடீங்களா?"ன்னா பூவாத்தா. "நல்லதுங்க. சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க."

அடுத்த மேடை. 'ஒரு பல்லும் விழாத லிங்கசாமி, வயது தொண்ணூறு.' கெழவரு முப்பத்திரெண்டு பல்லயும் காட்டிக்கிட்டு கட்டையா நிக்கறாரு. பூவாத்தா எட்டிப் பாத்தா. "கடவாப்பல்லு ஒண்ணு மரத்துல செஞ்சதுங்கய்யா." காதுல முடிச்சு. கெழவருக்கு மொதல்ல வாயிதான் வந்துச்சு. "ஆரடி அவ, என்ற பல்லக் கொறை சொல்றது?"ன்னு கத்திக்கிட்டே கால் வந்து எறங்கினாரு. எறங்கினதும் பாத்தாரு, தடவிப் பாத்தாரு, அழுதாரு. ஆறு மாசமா நின்னாராம். ஒரு வாயி சோறு இல்ல, பல்லு மட்டும் இருந்து என்ன புண்ணியம்?

மூணாவது, குன்னத்தூர்ப் பாட்டுக்காரி தெய்வாத்தா. 'மூச்சு வாங்காமல் பாடுபவர்.' பூவாத்தா நெஞ்சுல காத வெச்சுக் கேட்டா. "நாலு அடிக்கு ஒருக்கா மூச்சு வாங்கறீங்க. மூக்குல வாங்கறதால தெரியல."

"தொண்டை கிழியப் பாடறவளுக்கு இவ செக்கிங்கா?"ன்னு தெய்வாத்தா முடிச்சோட எறங்கி, கெழவரைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டாங்க. போறப்ப ஒரு நன்றிகூட சொல்லல. கொறை சொன்னவங்களுக்கு ஆரு நன்றி சொல்லுவாங்க?

கடைசி மேடையில திருமூர்த்தி.

அவன் சட்டைய வெளுத்து இஸ்திரி போட்டு உட்டிருக்காரு ஆத்தப்பன். தலைய வாரி, மூஞ்சி பூரா பவுடரு. சீட்டுல 'குறையே இல்லாத தம்பி.' முழங்கால் வரைக்கும் கட்டையாயிட்டான், மேல இன்னும் ஆகல.

"எறங்குடா."

"நான் வல்லீங்க்கா."

"அம்மா வந்து கேட்டா என்ன சொல்றது?"

"மேடையில நிக்கறான்னு சொல்லு. இங்க ஆருமே என்னைய ஏறி உழுந்தவன்னு சொல்லல. ஏறி நில்லு கண்ணுன்னு சொன்னாரு."

ஆத்தப்பன் கடலைய உரிச்சு வாயில போட்டுக்கிட்டே சொன்னாரு, "ரெண்டு மணிக்குக் கரண்டு வருமல்லோ, அப்பத் துணியில சாயம் புடிச்ச மாதிரி ஆளும் புடிச்சிரும். அப்பறம் கொறை கண்டுபுடிக்காம ஆரு வந்தாலும் எறக்க முடியாது." செவுத்துக் கடியாரத்துல ஒண்ணு நாப்பது.

பூவாத்தா அசரல. தம்பி மேல கொறை சொல்றதா? அவ தெனமும் பண்ற வேலை அது! "சோம்பேறி"ன்னு சொல்லி கையில முடிச்சப் போட்டா. முடிச்சு தானா அவுந்து கீழ உழுந்துச்சு. "மந்தம்"னா. அவுந்துச்சு. "சோத்துமூட்டை." அவுந்துச்சு. "ஒண்ணுக்கும் ஆவாதவன்." நூலு அவ கைய உட்டே வல்ல. கட்டை இடுப்பு வரைக்கும் ஏறிருச்சு.

"உங்களுக்கு நல்ல பீசுல முடிச்சுப் போடறதே வேலையாப் போச்சுங்க்கா"ன்னான் திருமூர்த்தி. கோவமாக்கூட சொல்லல. அதுதான் கொடுமை.

"பொய்யி இங்க புடிக்காது அம்மிணி"ன்னு ஆத்தப்பன் சிரிச்சாரு.

மணி ஒண்ணு அம்பது. அப்பத்தான் பூவாத்தா ஒரு காரியம் பண்ணினா. தம்பி பொறந்து பன்னெண்டு வருசத்துல பண்ணாத காரியம். அவனச் செக்கிங் பண்ணினா. தலைய ரெண்டு கையிலயும் புடிச்சு சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினா. பவுடரு புருவத்துக்கு மேல தடிப்பா அப்பியிருந்துச்சு. எச்சியத் தொட்டுத் தொடைச்சா. தழும்பு வெளிய வந்துச்சு.

நெத்தி முடியில முடிச்சப் போட்டா. "ஏறி உழுந்த தழும்பு."

முடிச்சு அவுந்துச்சு.

ஆத்தப்பனே எட்டிப் பாத்தாரு. "இதென்ன அதிசயம்? தழும்பு நெசந்தான?"

பூவாத்தாவுக்கு மட்டும் தெரியும், ஏன் அவுந்துச்சுன்னு. கட்டை நெஞ்சுக்கு வந்துருச்சு. திருமூர்த்திக்கு மூச்சு கர்ருகர்ருன்னு இழுக்குது. மணி ஒண்ணு அம்பத்தஞ்சு. அவ நூல மறுக்காவும் நெத்தியில கட்டினா. மூணு தடவ நூலு நழுவி நாலாவது தடவ கட்டினா. கட்டிட்டு சொன்னா. அதுல ஒரு 'ங்க' இல்ல.

"அவன் ஏறவே இல்ல. அவன் உழுவவும் இல்ல. என்ற ரிப்பன எடுத்து வாயில வெச்சான்னு நாந்தான் நூல்கட்டைய வீசி எறிஞ்சேன். ரத்தம் வந்துச்சு. அம்மா வந்து கேட்டப்ப அட்டாளியில ஏறி உழுந்துட்டான்னு சொன்னேன். அவனுக்கு அப்பப் பேச்சு சரியா வராது. மறுபடி ஏறிருவான்னு அம்மா வேலைக்குப் போறப்ப அவனக் கட்டில் கால்ல கவுத்துல கட்டிட்டுப் போச்சு. ஒரு வருசம். நான் பக்கத்துலயே உக்காந்து வெளையாடிட்டு இருந்தேன். காலைலகூட அவனை ஏறி உழுந்தவன்னு சொன்னேன். இந்த பீசுல இருக்கற ஒரே ஓட்டை என்ற கையால ஆனது."

முடிச்சு நின்னுச்சு. நின்னுச்சுங்க!

நெஞ்சு, இடுப்பு, முழங்கால்னு உசுரு எறங்கி வந்துச்சு. திருமூர்த்தி மேடையில இருந்து எறங்கி அவளையே பாத்துக்கிட்டு நின்னான். அடிப்பான்னு நெனைச்சா. அவன் கேட்டது ஒண்ணுதான்.

"நான் ஏறவே இல்லியா?"

"இல்ல."

"எனக்கும் ஏறின ஞாபகமே இல்லீங்க்கா. எல்லாரும் சொன்னாங்களேன்னு ஏறியிருப்பேன்னு நெனைச்சுக்கிட்டேன்."

இத டைப் அடிக்கறப்ப எனக்குக் கண்ணு மறைக்குது. போச்சாது, மேல போலாம். ஆத்தப்பன் காத்துக்கிட்டு இருக்காரு.

மூணு நிமிசந்தான் இருக்குது. மேடையெல்லாம் காலி. மனுசனுக்கு வயித்தெரிச்சல் தாங்கல. "என்ற பொருளையெல்லாம் ஓட்டையாக்கிட்டியே, அம்மிணி! அந்தக் கெழவன்ல கொறை, அந்தப் பாட்டுக்காரியில கொறை. எங்க, என்னையச் சொல்லு பாக்கலாம்!"னு சட்டைய இழுத்து உட்டுக்கிட்டு திருமூர்த்தி நின்ன மேடையில தானா ஏறி நின்னுட்டாரு. எட்டு மோதிரத்தையும் விரிச்சுக் காட்டறாரு. தன்னோட சட்டத்துல தானே ஏறி நின்ன ஆள நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?

பூவாத்தா அவரச் சுத்தி ஒரு தடவ நடந்தா. மீசைக்குப் போட்ட மை வேர்வையில எறங்கி ஓடுது. பெல்ட்டு தொப்பைக்குள்ள முங்கிப்போய்க் கெடக்குது. தலையில ஒட்டுமுடி. கண்ணு இருக்கறவன் கண்ண மூடிக்கிட்டே ஒம்பது முடிச்சுப் போடலாம். ஒரு முடிச்சு போட்டிருந்தாப் போதும், ஆளு பொளைச்சிருப்பாரு.

அவ நூல் உருண்டைய இடுப்புல சொருகிட்டா.

"உங்குளுக்கு என்னங்க கொறைங்க? ஃபர்ஸ்ட் குவாலிட்டிங்க."

"அப்புடிச் சொல்லு!"ன்னு ஆத்தப்பன் மூஞ்சி மலந்துச்சு. தூரத்துல மில்லு சங்கு ஊதுச்சு. ஊர்ல இருக்கற மிசினெல்லாம் ஒட்டுக்கா கடகடன்னு ஓட ஆரம்பிச்சுது. அந்த மூஞ்சி மலந்தபடியே நின்னுருச்சு.

திருமூர்த்தி குனிஞ்சு சீட்டுல 'தம்பி'ங்கறத மட்டும் கிழிச்சு எடுத்துட்டு, மீதிய அவரு காலடியிலயே உட்டுட்டான்.

அந்த குடோன்ல பின்னால துணி பேல் அடுக்கினாங்க. ஆத்தப்பன் மூலையிலயே நின்னாரு. வர்ற போற லோடுமேனுங்க அந்த எட்டு விரல்லயும் துண்டு காயப்போட்டாங்க. மனுசன் ஒருத்தருக்காச்சும் பிரயோசனமா இருந்தது அப்பத்தான்.

ஊட்டுக்குப் போயி பூவாத்தா அம்மாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டா. அம்மா செல்லாத்தா சீமாறு பிய்யிற வரைக்கும் அடிச்சாங்க. பதினஞ்சு வயசுப் புள்ளைன்னு பாக்கல. அப்பறம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போனாங்க. பையனக் கட்டிவெச்ச அந்தக் கவுத்துலதான் எட்டு வருசமா துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க. ஈரத்துணியோட அத அறுத்துக் கொண்டாந்து, துணிய உருவிப் போட்டுட்டு, கவுத்த அடுப்புல வெச்சாங்க. மகன் தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டே இருந்தாங்க.

திருமூர்த்தி ரெண்டு மாசம் அக்காகூடப் பேசல. அந்த ரெண்டு மாசமும் கண்ணுல பட்டதுல எல்லாம் ஏறிக்கிட்டு இருந்தான். வேப்பமரம், தண்ணித் தொட்டி, கோயில் மதிலு. ஒருத்தரும் தடுக்கல.

பூவாத்தா அதே கம்பெனியில முப்பது வருசம் செக்கிங் பாத்தாங்க. எகத்தாளம் கொறைஞ்சுதான்னு கேட்டா, இல்ல! மொதலாளி தொப்பையிலகூட முடிச்சுப் போடற வாயிதான். ஆனா ஒரு பழக்கம் வந்துருச்சு. முடிச்சுப் போடறதுக்கு முன்னாடி கொறை என்னன்னு சத்தமா சொல்லுவாங்க. "எண்ணெய்க் கறை." "தையல் உட்டது." சொல்ல முடியாத கொறைக்கு நூலத் தொடமாட்டாங்க. புதுசா வந்த புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும், அதுங்களுக்கு என்ன தெரியும்?

1978ல திருமூர்த்திக்குக் கரண்டு ஆபீசுல கம்பத்துல ஏறற வேலை கெடைச்சுது. ஆர்டரு வந்த அன்னிக்கு அவன் எங்கிருந்தோ ஒரு பழைய நூல்கட்டையத் தேடி எடுத்துக்கிட்டு வந்து அக்கா கையில குடுத்தான். பத்தடி தள்ளிப்போயி நின்னான்.

"எறிங்க்கா. இப்பத் தப்பிச்சுருவேன்."

"போடா பைத்தியம்."

"எறிங்கன்னா!"

பூவாத்தா எறிஞ்சாங்க. கட்டை அவனுக்கு நாலடி தள்ளி, சாணி உருண்டையில போயி உழுந்துச்சு. திருமூர்த்தி போயி அத எடுத்து, தொடைச்சு, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாத்தான்.

"குறி தப்பிருச்சுங்க"ன்னான். "செகண்ட்ஸ்ங்க."